ஒரே செக்ரோல், பல மரபுகள்

கம்பளையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் ஏதாவது ஒன்றின் செக்ரோலை, அதாவது வருகையும் சம்பளமும் எழுதும் பதிவேட்டை, எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு தொழிலாளிக்கும் அதில் ஒரு வரி உண்டு. பெயர், பதிவிலக்கம், அன்றைக்கு முழுப்பேரா (முழு நாள்) அரைப்பேரா (அரை நாள்), நிறுத்த கொழுந்து எத்தனை கிலோ, மேலதிகக் கிலோ எவ்வளவு, ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசு உண்டா என்பதெல்லாம் அந்த வரியில் வரும். மாத முடிவில் சம்பளமும் ஊழியர் சேமலாப நிதிக் கழிவும் இவற்றிலிருந்துதான் கணிக்கப்படுகின்றன. கணக்குப்பிள்ளை கையால் எழுதிய காலத்தில் பிழை நேர்ந்தால், எந்த வரியில் நேர்ந்தது என்று விரல் வைத்துக் காட்டலாம். அதே வேலையைக் கணினிக்குக் கொடுத்தால் ஒரே பிழை ஆயிரம் வரிகளிலும் ஒரே மாதிரி ஒளிந்துகொள்ளும். சம்பளத் துண்டு கைக்கு வரும்வரை யாருக்கும் தெரியாது.

பொருள்நோக்குச் செய்நிரலாக்கம் என்று பாடநூல்கள் அழைக்கும் மரபு, உலகத்து வேலைகளை இப்படிக் கணினிக்குள் கொண்டுவரும் முயற்சியில் பிறந்தது. அதை ஒரே மரபாகக் கற்பிப்பது வழக்கம். ஆனால் நாதஸ்வரத்துக்கு ஊர்தோறும் ஒரு பாணி இருந்ததுபோல இதற்குள்ளும் பல பாணிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குரு, ஒரு பிடிவாதம், நல்ல செய்நிரல் எது என்பதற்கு ஒரு தரம். மாணவரை அன்றாடம் மறிக்கும் வழுக்களில் பெரும்பகுதி, இந்தப் பாணிகளில் ஏதோ ஒன்று எப்போதோ எடுத்த முடிவின் விளைவு. அந்த முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்று தெரிந்தவருக்குத் தீர்வு நிமிடங்களில் கிடைக்கும். தெரியாதவர் அதே வழுவை மூன்று மொழிகளில் மூன்று முறை சந்திப்பார்.

இலங்கை மாணவருக்கு இது இன்னும் கூடப் பொருந்தும். கீழ் வகுப்பில் ஸ்க்ராட்ச், சாதாரண தரத்தில் பஸ்கால், உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தில் பைத்தன், பல்கலைக்கழகம் போனால் பெரும்பாலும் ஜாவாவோ சி பிளஸ் பிளஸோ. கம்பளையில் ரயில் ஏறி, கெலிஓயாவைக் கடந்து, சரசவி உயன நிலையத்தில் இறங்கினால் பேராதனைப் பல்கலைக்கழகம். அந்தக் குறுகிய பயணத்துக்குத் தயாராகும் சில ஆண்டுகளுக்குள் ஒரு மாணவர் மூன்று பாணிகளைத் தாண்டுகிறார். பாணி மாறியது என்று மட்டும் அவருக்கு யாரும் சொல்வதில்லை. எனவே அதே செக்ரோலை ஒவ்வொரு பாணியிடமும் கொடுத்துப் பார்ப்பது பயனுள்ளது.

முதலில் பாணி எதுவுமே இல்லாத நிலை. சாதாரண தரத்தில் அணிகளைப் படித்த மாணவர் பெயர்களுக்கு ஓர் அணி, கிலோவுக்கு ஓர் அணி, நாட்களுக்கு ஓர் அணி என்று மூன்று வைப்பார். ஐந்தாவது பெயருக்கு ஐந்தாவது கிலோ. எல்லாம் சரியாக ஓடும். பிறகு பட்டியலை அகரவரிசையில் தரச் சொல்வார்கள். பெயர் அணியை மட்டும் வரிசைப்படுத்தியதும் ஒருவர் பறித்த கொழுந்து இன்னொருவர் பெயரில் ஏறிவிடும். செய்நிரல் பிழைச்செய்தி எதுவும் தராது. இலக்கங்கள் எல்லாம் நம்பும்படியே இருக்கும். தொடக்க மாணவர் செய்யும் தவறுகளில் இதுவே மிக ஆபத்தானது, ஏனென்றால் இது சத்தம் போடாது.

இந்த இடத்தில்தான் நோர்வே மரபு வந்து நிற்கிறது. ஒஸ்லோவில் உள்ள நோர்வேக் கணினி மையத்தில் கிறிஸ்டன் நிகார்டும் ஓல யோஹான் டாலும் 1960களில் சிமுலா என்ற மொழியை உருவாக்கினார்கள். வரிசைகள், தொழிற்சாலைகள், போக்குவரத்து முதலியவற்றைக் கணினிக்குள் நடத்திப் பார்ப்பதே அவர்கள் நோக்கம். சிமுலா 67 என்ற பதிப்பில் வகுப்பு, உபவகுப்பு, உபவகுப்பு மாற்றி எழுதக்கூடிய செயல்முறை ஆகிய மூன்றும் வந்துவிட்டன. இன்று ஜாவாப் பாடத்தின் முதல் வாரத்தில் சொல்லப்படுபவை இவைதான். 2001ஆம் ஆண்டின் டியூரிங் விருது இருவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டே சில வார இடைவெளியில் இருவரும் காலமானார்கள்.

நோர்வே மரபின் தரம் ஒரு கேள்வி வடிவில் இருக்கிறது. கணினிக்கு வெளியே உள்ள உலகில் என்னென்ன இருக்கின்றன? செக்ரோலில் தொழிலாளி இருக்கிறார், நாள் இருக்கிறது, நிறுவை இருக்கிறது, கழிவு இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வகுப்பு. ஒரு தொழிலாளியின் பெயரும் கிலோவும் நாட்களும் ஒரே பொருளுக்குள் வாழும். வரிசைப்படுத்தினால் பொருள் முழுதாக நகரும், கொழுந்து ஆள் மாறாது. பின்னால் வந்த பாணிகள் எவ்வளவோ சேர்த்திருந்தாலும், கடதாசியில் இந்தப் பெயர்ச்சொற்களை எழுதிக்கொண்டு தொடங்குவதற்கு இணையான முதற்படி இன்றுவரை வேறில்லை.

கலிபோர்னியாவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் 1970களில் வளர்ந்த ஸ்மோல்டோக் மரபு வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. அலன் கே அதன் கனவு கண்டவர், டேன் இங்கல்ஸ் அதைக் கட்டியவர், அடெல் கோல்ட்பர்க் அதைக் கற்பிக்கும் வழி கண்டவர்களில் முதன்மையானவர். ஒவ்வொரு பொருளும் தனி உயிர்க்கலம், கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புகின்றன, உள்ளே என்ன நடக்கிறது என்பது அனுப்பியவருக்குத் தெரியத் தேவையில்லை என்பது கேயின் பார்வை. செய்திப் பரிமாற்றமே மையம் என்பதைப் பிற்காலத்திலும் அவர் வலியுறுத்தி எழுதினார்.

இதைச் செக்ரோலில் வைத்துப் பார்த்தால் இந்த மரபின் பலம் விளங்கும். பல மாணவர்கள் வகுப்பை எழுதிவிட்டு, உள்ளே இருக்கும் ஒவ்வொரு மதிப்பையும் வெளியே எடுத்துத் தரும் செயல்முறைகளையும் எழுதிவிடுவார்கள். அப்புறம் சம்பளத்தை வெளியே கணிப்பார்கள். திரையில் காட்டும் இடத்தில் ஒரு முறை, சம்பளத் துண்டு அச்சிடும் இடத்தில் ஒரு முறை, மாத அறிக்கையில் ஒரு முறை. 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் கொடுப்பனவோடு சேர்த்து 1,000 ரூபாய் என வர்த்தமானியில் வந்தது. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. 1,000 என்ற எண்ணை மூன்று இடங்களில் எழுதி வைத்தவர் இரண்டு இடங்களில் திருத்திவிட்டு மூன்றாவதை மறந்தால், திரை ஒன்று சொல்லும், துண்டு வேறொன்று சொல்லும். ஸ்மோல்டோக் மரபில் இதற்கு இடமே இல்லை. தொழிலாளிப் பொருளிடம் "உன் சம்பளம் என்ன" என்று கேட்க வேண்டும், விடை வர வேண்டும். கணக்கு ஒரே இடத்தில் இருக்கும்.

இன்னொரு வழக்கமான சிக்கலும் இங்கேயே தீர்கிறது. நாட்பேர்க்காரருக்கு ஒரு விதி, கிலோவுக்குக் காசு பெறுபவருக்கு ஒரு விதி, அலுவலக உத்தியோகத்தருக்கு ஒரு விதி. இவற்றை 'இவர் இந்த வகை என்றால், அல்லது இந்த வகை என்றால்' என்று நிபந்தனை மேல் நிபந்தனையாக அடுக்கும் செய்நிரல்கள் உயர்தரச் செயற்றிட்டங்களில் நிறைய உண்டு. புதிய வகை ஒன்று சேரும்போது அந்த அடுக்கு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் தேடித் திருத்த வேண்டும். ஒவ்வொரு வகையும் தனி வகுப்பாக இருந்து, ஒரே கேள்விக்குத் தன் வழியில் விடை சொன்னால், அந்த அடுக்கே தேவையில்லை. பல்லுருவாக்கம் என்று பாடநூலில் வரையறையாக மனப்பாடம் செய்யப்படும் விடயம் நடைமுறையில் இவ்வளவுதான். வரையறையைப் பிழையின்றி எழுதும் மாணவர் அதே வினாத்தாளின் கட்டமைப்பு வினாவில் நிபந்தனை அடுக்கை எழுதுகிறார். கற்பித்தலில் உடனடியாகக் கவனிக்க வேண்டிய இடைவெளி இது.

சி பிளஸ் பிளஸ், ஜாவா வழி வந்த மரபு வேகத்தையும் ஒழுங்கையும் சேர்த்துக் கேட்டது. கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டத்துக்காகச் சிமுலாவைப் பயன்படுத்திய பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப், அதன் அமைப்பை விரும்பினாலும் அதன் மந்தத்தைத் தாங்க முடியாமல், 1979இல் பெல் ஆய்வகத்தில் சி மொழிக்குள் வகுப்புகளைக் கொண்டுவரத் தொடங்கினார். சன் நிறுவனத்தில் ஜேம்ஸ் கோஸ்லிங் குழு உருவாக்கிய ஜாவா 1995இல் வெளியானது. ஸ்மோல்டோக்கில் எண்களும் பொருள்களே. ஜாவா வேகத்துக்காகச் சாதாரண எண்களைப் பொருள்களிலிருந்து பிரித்து வைத்தது. இந்த ஒரு முடிவிலிருந்து வந்த வழுக்கள் கணக்கிலடங்காதவை.

செக்ரோலில் பதிவிலக்கத்தை வைத்து ஒரு தொழிலாளியைத் தேடும் செய்நிரலை நினைத்துப் பாருங்கள். இலக்கம் முழு எண் பொருளாக, அதாவது இன்டிஜர் வகையில், சேமிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு இலக்கங்களையும் இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடுகிறார் மாணவர். நூறு பேரின் தரவைக் கொடுத்துச் சோதித்தால் அத்தனையும் சரி. உண்மையான பட்டியலை ஏற்றினால் 128ஆம் இலக்கத்திலிருந்து ஆள் கிடைப்பதில்லை. பொருள்களுக்கு இரட்டைச் சமக்குறி மதிப்பை ஒப்பிடாது, இரண்டும் ஒரே பொருளா என்றுதான் பார்க்கும். ஆனால் -128 முதல் 127 வரையான எண்கள் தானாகப் பொருளாக மாற்றப்படும்போது ஜாவா முன்கூட்டியே செய்து வைத்த ஒரே பொருளைத் திரும்பத் திரும்பத் தருகிறது. ஆகவே அந்த எல்லைக்குள் தவறான ஒப்பீடும் சரியான விடை தந்துவிடுகிறது. சரங்களுக்கும் இதே நிலைதான். செய்நிரலுக்குள் நேரடியாக எழுதிய இரண்டு ஒரே சரங்கள் சமம் என்று வரும், கோப்பிலிருந்து வாசித்த சரம் சமமில்லை என்று வரும்.

மருந்து, ஈக்குவல்ஸ் என்ற செயல்முறையால் ஒப்பிடுவது. சொந்த வகுப்புக்கு ஈக்குவல்ஸ் எழுதினால் ஹாஷ்கோட் என்ற செயல்முறையையும் கூடவே எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஹாஷ்மேப்பில் போட்ட தொழிலாளியை, அவருக்குச் சமமான இன்னொரு பொருளைக் கொண்டு தேடினால் கண்டுபிடிக்க முடியாமல் போகும். ஜோஷுவா புளோக் 2001இல் எழுதிய 'எஃபெக்டிவ் ஜாவா' நூல் இத்தகைய விதிகளைத் தொகுத்துத்தான் அந்த மரபின் தர நூலாக மதிக்கப்பட்டது. ஜாவா 16இல் நிலைபெற்ற ரெக்கோர்ட் வகுப்புகள் இரண்டு செயல்முறைகளையும் தாமாகவே எழுதித் தருகின்றன. புதிதாகக் கற்பவர் அங்கிருந்து தொடங்குவது நல்லது.

ஜாவா மாணவர் அதிகம் பார்க்கும் பிழைச்செய்தி நல் பொயின்டர் பற்றியது. இதன் வேர் ஜாவாவை விடப் பழையது. 1965இல் அல்கோல் டபிள்யூ மொழிக்காகச் சுட்டிகளை வடிவமைத்த டோனி ஹோர், 'ஒன்றுமில்லை' என்ற மதிப்பை எளிதாகச் செய்ய முடிந்ததால் சேர்த்துவிட்டதாகவும், அது கோடானுகோடி இழப்பைத் தந்த தவறு என்றும் 2009இல் ஓர் உரையில் கூறினார். செக்ரோலில் இந்த 'ஒன்றுமில்லை' தினமும் வரும். ஒருவர் வேலைக்கு வராத நாளில் நிறுவை இல்லை. அந்த நாளின் கிலோவைக் கேட்டதும் செய்நிரல் விழுந்துவிடும்.

பலர், கிலோவைக் கேட்கும் ஒவ்வொரு இடத்திலும் 'நல் இல்லையென்றால்' என்று ஒரு காவல் போடுவார்கள். காவல் பெருகப் பெருக, போட மறந்த இடமும் பெருகும். இதைவிட நேர்த்தியான வழி, வராத நாளையும் ஒரு பொருளாக்குவது. 'வராதநாள்' என்ற வகுப்பு கிலோ கேட்டால் சுழியம் சொல்லும், பேர் கேட்டால் இல்லை என்று சொல்லும். கணக்கிடும் பகுதிக்கு வித்தியாசமே தெரியாது. 2014இல் ஜாவா 8 தந்த ஒப்ஷனல் இன்னொரு வழி. 2020இல் வந்த ஜாவா 15 முதல், எந்தப் பகுதி வெறுமையாக இருந்தது என்று பிழைச்செய்தியே தானாக விளக்கிச் சொல்கிறது. பழைய பதிப்பை வைத்துக் கற்பிக்கும் ஆய்வுகூடங்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே பதிப்பை உயர்த்தலாம்.

இனிப் பணம். இங்கே மரபு வேறுபாடு நேரடியாக ஒரு மனிதரின் உழைப்பைத் தொடுகிறது, எனவே சற்று நின்று பார்க்க வேண்டும்.

1958ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு 8 சதவீதம், தொழில்தருநரின் பங்கு 12 சதவீதம். 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் மேலும் 3 சதவீதம் செலுத்த வேண்டும். 1,350 ரூபாய்க்கு இவை முறையே 108, 162, 40.50 ரூபாய். கடைசி எண்ணைக் கவனியுங்கள். அதை முழு ரூபாயாக்கச் சொன்னால் பைத்தனின் ரவுண்ட் 40 என்கிறது. ஜாவாவின் மேத் ரவுண்ட் 41 என்கிறது. இரண்டும் வழு அல்ல. சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குத் தள்ளுவது பைத்தனின் முடிவு, மேலே தள்ளுவது ஜாவாவின் முடிவு. நாளுக்கு நாள் இப்படி முழுமைப்படுத்தினால் 25 நாளில் ஒன்று 1,000 ரூபாய், மற்றொன்று 1,025 ரூபாய். உண்மையான தொகையோ 1,012.50.

தசமங்களின் கதை இதைவிட நுட்பமானது. கணினியால் 0.1 என்ற எண்ணை இரும முறையில் துல்லியமாகச் சேமிக்க முடியாது. சுழற்சியொன்றில் 0.1ஐப் பத்து முறை கூட்டினால் 1 வராது, 0.9999999999999999 வரும். இதே போன்ற ஒப்பீடு, நிர்ணயித்த கிலோவைத் தொட்டாரா இல்லையா என்ற எல்லையில் நடந்தால், முழுப்பேர் அரைப்பேராகிவிடும். காலை முதல் மலைச்சரிவில் நின்று பறித்த ஒருவரின் அரை நாளைச் செய்நிரல் பறிப்பதை எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது. நிறையைக் கிராமிலும் பணத்தைச் சதத்திலும் முழு எண்ணாகச் சேமிப்பது எளிய தீர்வு. பைத்தனில் டெசிமல், ஜாவாவில் பிக்டெசிமல் உண்டு. இரண்டுக்கும் எண்ணைச் சரமாகக் கொடுக்க வேண்டும். தசம எண்ணாகக் கொடுத்தால் பழைய பிழை அப்படியே உள்ளே வந்துவிடும். பிக்டெசிமலில் 2.0ம் 2.00ம் ஈக்குவல்ஸ் பார்வையில் சமமல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அங்கே கம்பேர்டூ என்ற செயல்முறைதான் சரியான தராசு.

பொருள்நோக்கு மரபின் தீர்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. 'பணம்' என்று ஒரு வகுப்பு எழுதி, கூட்டல், சதவீதம், முழுமைப்படுத்தல் ஆகியவற்றை அதற்குள் மட்டும் வையுங்கள். முழுமைப்படுத்தும் விதி ஒரே வரியில், ஒரே இடத்தில், எல்லோரும் வாசிக்கும்படி இருக்கும். தொழிற்சங்கப் பிரதிநிதி ஒருவர் வந்து எப்படிக் கணித்தீர்கள் என்று கேட்டால் அந்த வரியைக் காட்டலாம்.

மரபுரிமை பற்றிய தரங்களை வகுத்ததில் இரண்டு பெயர்கள் முக்கியமானவை. பிரான்ஸில் பிறந்த பேர்ட்ரண்ட் மேயர் 1980களில் ஐஃபெல் மொழியை உருவாக்கி, ஒவ்வொரு செயல்முறைக்கும் ஓர் ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்றார். அழைப்பவர் எதை உறுதிசெய்ய வேண்டும், செயல்முறை எதைத் திருப்பித் தரும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அமெரிக்காவின் பார்பரா லிஸ்கோவ் 1987இல் ஆற்றிய உரையில் உபவகுப்புக்கு ஒரு சோதனை வைத்தார். தாய் வகுப்பை எதிர்பார்க்கும் இடத்தில் உபவகுப்பை வைத்தாலும் செய்நிரல் சரியாக நடக்க வேண்டும். 2008ஆம் ஆண்டின் டியூரிங் விருது அவருக்குக் கிடைத்தது.

நாட்சம்பளம் இன்றிக் கிலோவுக்குக் காசு பெற்றுக் கைக்காசுக்குப் பறிப்பவரும் பெயரும் இலக்கமும் உடையவர்தானே என்று, அவரை 'நாட்பேர்த் தொழிலாளி' வகுப்பின் உபவகுப்பாக்குவது மாணவர் செய்யும் வழக்கமான காரியம். நாட்சம்பளம் கேட்கும் செயல்முறையை அவர் என்ன செய்வார்? பிழை எறிவார், அல்லது சுழியம் தருவார். இரண்டுமே லிஸ்கோவ் சோதனையில் தோற்கும். நாட்சம்பளங்களைக் கூட்டும் பகுதி நடுவில் நிற்கும், அல்லது பொய்யான மொத்தத்தைத் தரும். இருவருக்கும் பொதுவான 'ஊதியம் பெறுபவர்' என்ற இடைமுகத்தை மேலே வைத்து, இரண்டு வகுப்புகளையும் அதன் கீழ் அருகருகே அமைப்பதே சரி. பெயரையும் இலக்கத்தையும் மறுபடி எழுதாமலிருக்க மரபுரிமையைப் பயன்படுத்துவது மிகப் பரவலான பிழைப்பயன்பாடு. அந்த விவரங்களைத் தனிப் பொருளாக்கி உள்ளே வைத்துக்கொண்டால் போதும். எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜோன்சன், ஜோன் விலிசைட்ஸ் ஆகிய நால்வர் 1994இல் வெளியிட்ட வடிவமைப்பு மாதிரிகள் நூலும் மரபுரிமையை விட இப்படி உள்ளே வைத்துக்கொள்வதையே முதலில் நாடச் சொல்கிறது. அதில் 23 மாதிரிகள் உள்ளன. மாணவர்கள் அவற்றின் பெயர்களை மனப்பாடம் செய்கிறார்கள். அந்த ஒரு அறிவுரையை மனத்தில் வாங்குவது அதைவிட அதிகம் பயன்தரும்.

ஒப்பந்தம் எழுதாததன் விலையை 1996 ஜூன் 4ஆம் திகதி ஐரோப்பிய விண்வெளித் துறை கொடுத்தது. ஏரியான் 5 ஏவூர்தி கிளம்பிச் சுமார் 37 வினாடிகளில் வழிதவறி வெடித்தது. ஏரியான் 4க்காக எழுதிய செய்நிரல் பகுதியை அப்படியே எடுத்திருந்தார்கள். புதிய ஏவூர்தியின் வேகத்துக்கு ஓர் எண் 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. அந்த எல்லை ஒப்பந்தமாக அந்தச் செயல்முறையிலேயே எழுதப்பட்டிருந்தால் மீள்பயன்பாட்டுக்கு முன்பே பிடிபட்டிருக்கும் என்று மேயர் பின்னர் வாதிட்டார்.

பைத்தன் மரபு மென்மையானது. கீடோ வான் ரோசம் 1991இல் வெளியிட்ட இந்த மொழியில் எல்லாமே பொருள்கள்தான். ஆனால் வகுப்பு எழுதாமலே நெடுந்தூரம் போகலாம். 2017 முதல் நடைமுறைக்கு வந்த நமது உயர்தரப் பாடத்திட்டம் இதைத் தேர்ந்தது நல்ல முடிவு. பைத்தனின் பொறி வேறு விதமானது. ஒரு செயல்முறையின் இயல்பு மதிப்பாக வெற்றுப் பட்டியலைக் கொடுத்தால், பைத்தன் அந்தப் பட்டியலை வரையறுக்கும் வேளையில் ஒரே ஒரு முறை செய்கிறது, அழைக்கும் ஒவ்வொரு முறையும் செய்வதில்லை. தொழிலாளி வகுப்பில் நிறுவைப் பட்டியலுக்கு அப்படி இயல்பு மதிப்புக் கொடுத்தால், எல்லாத் தொழிலாளிகளும் ஒரே பட்டியலைப் பகிர்ந்துகொள்வார்கள். ஒருவர் பறித்தது எல்லோர் கணக்கிலும் ஏறும். இயல்பு மதிப்பாக, பைத்தனில் 'ஒன்றுமில்லை'யைக் குறிக்கும் 'நன்' கொடுத்து, உள்ளே புதிய பட்டியல் செய்வது வழக்கமான தீர்வு.

எந்த மரபினரும் தமிழ்ப் பெயர்களை முன்வைத்துச் சிந்திக்கவில்லை. அந்தப் பொறுப்பு இங்குள்ளவர்களுடையது. 'கம்பளை' என்ற சொல்லின் நீளம் கேட்டால் ஜாவாவும் பைத்தனும் 6 என்கின்றன. நமக்கு எழுத்து நான்குதான். யூனிகோட் புள்ளியையும் ஐகார அடையாளத்தையும் தனித்தனியாக எண்ணுகிறது. சொல்லைத் திருப்பி எழுதச் சொல்லும் பிரபலமான பயிற்சியில் ஐகார அடையாளம் தனியே முன்னால் வந்து விழும், புள்ளி மகரத்தை விட்டுப் பகரத்தில் ஏறும்.

பெயர் ஒப்பீட்டில் இது பயிற்சிச் சிக்கலாக நிற்பதில்லை, நடைமுறைச் சிக்கலாகிறது. 'கொத்மலை'யின் முதல் எழுத்தில் உள்ள ஒகர அடையாளத்தை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், எகரக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஈக்குவல்ஸ் வேறு என்கிறது. வெவ்வேறு விசைப்பலகைகளில் தட்டச்சான இரண்டு பட்டியல்களை இணைத்தால் ஒரே தொழிலாளி இருவராவார். யூனிகோட்டின் இயல்பாக்க முறை இதைத் தீர்க்கும். ஜாவாவில் நோர்மலைசர், பைத்தனில் யூனிகோட்டேட்டா உண்டு. ஆனால் 'ஸ்ரீ'யை அதனால் தீர்க்க முடியாது. 2005இல் புதிய ஶகரம் யூனிகோட்டில் சேர்ந்த பிறகு அந்த எழுத்தை ஸகரத்தாலும் எழுதுகிறார்கள், ஶகரத்தாலும் எழுதுகிறார்கள், இரண்டையும் ஒன்றாக்கும் விதி யூனிகோட்டில் இல்லை. அகரவரிசையும் அப்படியே. குறி எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் னகரம் பகரத்துக்கு முன்னே போகும்.

செய்ய வேண்டியது 'தமிழ்ப்பெயர்' என்று ஒரு வகுப்பு. உருவாகும்போதே இயல்பாக்கிக்கொள்ளும், எழுத்துகளை எழுத்துகளாக எண்ணும், ஒப்பீட்டையும் வரிசையையும் தன் பொறுப்பில் வைக்கும். முத்து அண்ணாமலை முன்னின்று வளர்த்த ஓபன் தமிழ் என்ற திறமூலப் பைத்தன் நூலகம் சொல்லை எழுத்துகளாகப் பிரிக்கும் வேலையைச் செய்து தருகிறது. இலங்கையில் கணினித் தமிழுக்கான நியமமாக எஸ்எல்எஸ் 1326 இருக்கிறது. இவற்றைப் பயன்படுத்தாமல் ஒவ்வொரு செயற்றிட்டத்திலும் பெயரை வெறும் சரமாக வைப்பது, செய்த வேலையை மறுபடி தொடங்குவதாகும்.

சோதனை எழுதும் பழக்கமும் ஸ்மோல்டோக் மரபின் கொடைதான். கென்ட் பெக் ஸ்மோல்டோக்குக்காக எழுதிய சோதனைச் சட்டகத்தை, 1997இல் சூரிச்சிலிருந்து அட்லாண்டாவுக்குப் பறந்த விமானத்தில் எரிக் காமாவுடன் சேர்ந்து ஜாவாவுக்குக் கொண்டுவந்தார். அதுவே ஜேயுனிட். மேலே சொன்ன 128ஆம் இலக்கம், 40.50 ரூபாய், இரண்டு விதக் கொத்மலை ஆகிய மூன்றையும் சோதனைகளாக எழுதி வைத்தாலே செக்ரோலின் பாதி ஆபத்து நீங்கும்.

இந்த வரலாற்றில் இலங்கைக்கும் ஓர் இடம் உண்டு. சஞ்சீவ வீரவர்ண முன்னின்று 2003இல் அமைத்த லங்கா மென்பொருள் மன்றத்தில் கூடிய இளம் பொறியியலாளர்கள், அப்பாச்சி ஆக்சிஸ் 2 என்ற ஜாவாத் திட்டத்தில் பெரும்பங்கு வகித்தார்கள். உலகம் முழுவதும் நிறுவனங்கள் பயன்படுத்திய இணையச் சேவை இயந்திரம் அது. 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் பின்னர் பலெரினா என்ற மொழியையே உருவாக்கியது. 2019இல் அதன் முதலாம் பதிப்பு வந்தது.

முந்தைய மரபுகளின் காயங்களை அறிந்தவர்கள் வடிவமைத்த மொழி அது என்பது பார்த்ததும் தெரியும். ஒரு மதிப்பு வெறுமையாக இருக்கலாம் என்றால் அதை வகையிலேயே எழுத வேண்டும், எழுதாவிட்டால் தொகுப்பி மறிக்கும். தசமம் மொழியின் அடிப்படை வகைகளில் ஒன்று, பணத்துக்குத் தனி நூலகம் தேட வேண்டியதில்லை. வகுப்பு உண்டு, ஆனால் ஒரு வகுப்பின் செயற்பாட்டை இன்னொன்று மரபுரிமையாகப் பெறும் வசதி இல்லை. கைக்காசுக்காரரை நாட்பேர்க்காரரின் பிள்ளையாக்கும் தவறை அங்கே செய்யவே முடியாது. எனினும் சரத்தை யூனிகோட் குறிகளின் வரிசையாகவே அதுவும் பார்க்கிறது. 'கம்பளை'யின் நீளம் கேட்டால் பலெரினாவும் 6 என்றே சொல்லும். அதற்கான தமிழ்ப்பெயர் வகுப்பை எழுத உயர்தர மாணவருக்குத் தெரிந்த அணிகளும் சுழற்சிகளும் போதும். எந்த அடையாளம் எந்த எழுத்தோடு சேரும் என்ற விதிகளை யூனிகோட் ஏற்கெனவே வெளியிட்டு வைத்திருக்கிறது.